யாருக்கு நேரடி?

நகரத்து நுகர்வோர் ஒருவர் தக்காளிக்குச் செலவிடும் நூறு ரூபாயில், அதனை விளைவித்த விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36; உருளைக்கிழங்கில் 37. இது விவசாயிகள் சங்கத்தின் கணக்கன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத்தாள்களின் கணக்கு. மீதமுள்ள ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தரகு, போக்குவரத்து, சேதாரம், மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் எனக் கைமாறிக் கரைகிறது.

இந்த நிலைக்கு ஒன்றிய அரசு தன் பங்கிற்கு ஒரு மருந்தை முன்வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் அது வெளியிட்ட வேளாண் சந்தைப்படுத்தலுக்கான தேசியக் கொள்கை வரைவு, தனியார் மொத்தச் சந்தைகளை அனுமதிக்கவும், ஆலைகள், ஏற்றுமதியாளர்கள், பெரும் சில்லறை நிறுவனங்கள் வயலடியிலேயே நேரடியாகக் கொள்முதல் செய்யவும், தனியார் கிடங்குகளையே சந்தை வளாகங்களாகக் கருதவும் வழிசொல்கிறது. 2020இல் நாடாளுமன்றத்தில் அவசர அவசரமாக நிறைவேற்றப்பட்டு, தில்லி எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாக நடந்த போராட்டத்தால் திரும்பப் பெறப்பட்ட மூன்று சட்டங்களின் உள்ளடக்கத்திலிருந்து இது எந்த வகையில் வேறுபட்டது? ஐக்கிய விவசாயிகள் முன்னணி வரைவை நிராகரித்தது. பஞ்சாப் மாநில அரசும் ஏற்க மறுத்தது.

வரைவில் திரும்பத் திரும்ப வரும் ‘நேரடி’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிட இயலாது. விவசாயி தன் விளைச்சலை அருகிலுள்ள நகரத்து மக்களுக்குத் தானே விற்பதும் நேரடி விற்பனைதான். பல மாநிலங்களில் கடை விரித்துள்ள ஒரு நிறுவனம், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் விலை பேசுவதும் நேரடிக் கொள்முதல்தான். முன்னதில் இடைத்தரகர் இல்லை. பின்னதில் பல சிறு தரகர்களின் இடத்தில் ஒரே பெரிய தரகர் அமர்கிறார், அவ்வளவே.

முன்னதற்கு நம் நாட்டில் முன்னுதாரணங்கள் உண்டு. பஞ்சாபில் 1987இல் ‘அப்னி மண்டி’ தொடங்கியது. ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் ‘ரைத்து பஜார்’ வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் அன்றாடம் விலை நிர்ணயித்து, கட்டணமின்றிக் கடையும் தராசும் கொடுத்ததே உழவர் சந்தையின் சூட்சுமம். இடம், தராசு, அதிகாலைப் பேருந்து ஆகிய மூன்றும் பொதுச் செலவில் கிடைத்ததால்தான் கூடைக்கீரை கொண்டுவந்த பெண்ணும் அங்கே விற்பனையாளராக முடிந்தது. 2001இல் ஆட்சி மாறியதும் அச்சந்தைகள் பராமரிப்பின்றிச் சோர்ந்தன. 2006க்குப் பின் புத்துயிர் பெற்றன. அரசு கைவிட்டால் அவை தாமாக நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுபுறம், 22,000 கிராமச் சந்தைகளை மேம்படுத்துவதாக 2018 நிதிநிலை அறிக்கையில் முழங்கிய ஒன்றிய அரசு, அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை.

சந்தைக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. கமிஷன் மண்டிக்காரர் வெறுமனே நடுவில் நிற்பவரல்லர். விதைக்கும் உரத்திற்கும், பல வேளைகளில் வீட்டுத் திருமணத்திற்கும், முன்பணம் கொடுப்பவர் அவரே. அந்தக் கடன் தீரும்வரை விளைச்சல் அவருடைய மண்டிக்குத்தான் போயாக வேண்டும். விற்கும் சுதந்திரம் சட்டப் புத்தகத்தில் இருக்கும். கடன் சீட்டு மண்டியில் இருக்கும். கூட்டுறவுக் கடன் வலுவாக இல்லாத ஊரில் நேரடி விற்பனை கடன்படாத சிலருக்கே வாய்க்கிறது.

கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு, 2020 நவம்பர் 1 அன்று, மரவள்ளி உள்ளிட்ட 16 விளைபொருட்களுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மரவள்ளிக்குக் கிலோ 12 ரூபாய். சந்தையில் விலை அதற்குக் கீழே இறங்கினால் அரசு தலையிடும். தில்லியில் மூன்று சட்டங்கள் நிறைவேறிய இரண்டே மாதத்திற்குள் இது நடந்தது. அதிகம் விளைந்த நாளில் தக்காளியைச் சாலையில் கொட்டும் அவலத்திற்கு, நேரடிச் சந்தையுடன் இத்தகைய விலைக் காப்பும் இணைந்தால்தான் தீர்வுண்டு.

நேரடிச் சந்தையின் எல்லையையும் மறைக்க வேண்டியதில்லை. காய், கனி, கீரை, நகரத்திற்குப் பக்கத்துக் கிராமம்: அதன் வட்டம் இதுதான். விதர்பாவின் பருத்தியையும் பீகாரின் நெல்லையும் தெருமுனையில் விற்க முடியாது. 2006இல் சந்தைக் குழுச் சட்டத்தை ரத்து செய்த பீகாரில், குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே விவசாயிகள் நெல்லை வியாபாரிகளிடம் கொடுக்க நேர்கிறது. ஆகவே, “நேரடியாக விற்கலாமே, சட்டபூர்வ ஆதரவு விலை எதற்கு?” என்று கேட்போரிடம், எந்தப் பயிரை, எங்கே, யாரிடம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இச்சந்தைகளில் கடை பெற விவசாயி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு நில ஆவணம் வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோரிடமும், பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க வயலில் உழைக்கும் பெண்களிடமும் அந்தக் காகிதம் இல்லை. நிலம் யார் பெயரில் உள்ளது என்று பாராமல், பயிரிடுபவர் யார் என்பதைக் கிராம சபையில் உறுதிசெய்து அட்டை வழங்குமாறு கோரும் இயக்கத்தை, கட்சிக் கிளைகளும் விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒவ்வொரு ஊராட்சியிலும் உடனே தொடங்கலாம்.