இணையத்தைப் படிக்கும் கணினியும் தமிழ்த் திணைப் பாகுபாடும்

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் தலைமையிலான குழு, 2010 சனவரியில் 'நெல்' என்னும் கணினி அமைப்பை இயக்கத் தொடங்கியது. ஓயாது மொழி கற்கும் அமைப்பு என்பது அப்பெயரின் பொருள். நகரம், நிறுவனம் முதலிய பகுப்புகளும், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 எடுத்துக்காட்டுகளும் அதற்குத் தரப்பட்டன. 50 கோடி ஆங்கில இணையப் பக்கங்களிலிருந்து புதிய செய்திகளைத் தானே கண்டறிந்து சேர்ப்பது அதன் பணி. 67 நாட்களில் ஏறத்தாழ 2,42,000 செய்திகளை அது திரட்டியது. ஆயின், முதற் பகுதியில் சேர்த்தவற்றுள் 90 விழுக்காடு சரியாக இருக்க, இறுதிப் பகுதியில் அது 57 விழுக்காடாகக் குறைந்தது.

ஒரு பிழை அடுத்த பிழைக்குச் சான்றாகிவிடுவதே இச்சரிவின் அடிப்படை. ஆங்கிலத்தில் 'குக்கி' என்னும் சொல் அடுமனைத் தின்பண்டத்தையும், இணைய உலவி சேமித்துவைக்கும் சிறு கோப்பையும் குறிக்கும். பின்னதையும் தின்பண்டமாகக் கொண்ட நெல், அதைப் போலவே 'அழிக்கப்படும்' பிற கோப்புகளையும் தின்பண்டங்களோடு சேர்த்தது. ஒன்றையொன்று விலக்கும் பகுப்புகள் இவையென முன்னரே வரையறுத்திருந்தும், இதனைத் திருத்த மனிதர் தலையிட நேர்ந்தது.

தமிழுக்கு இத்தகைய அமைப்பை உருவாக்குவோர் ஆங்கில வழியை அப்படியே பின்பற்ற இயலாது. பெயர்களை இனங்காண நெல் கொண்ட தடயங்களுள் ஒன்று பெரிய எழுத்து. தமிழில் அது இல்லை. 'மலர்' என்பது ஆளின் பெயரா, பூவா என்பதை எழுத்து காட்டாது; வினைமுற்று காட்டும். 'மலர் வந்தாள்', 'மலர் உதிர்ந்தது' என்னும் தொடர்களில் ஐயத்திற்கு இடமில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டோடு தொடங்குகிறது. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரு வகுப்பும் வினையீற்றிலேயே பதிந்திருப்பது கணினிக்குக் கிடைத்த அரிய சரிபார்ப்புக் கருவியாகும்.

எனினும் இவ்விதி எங்கும் ஒரே தன்மையில் செல்லாது. 'குழந்தை அழுதது' என மனித உயிர் அஃறிணை முடிபு கொள்கிறது. 'கதிரவன் மறைந்தான்' என அஃறிணைப் பொருள் உயர்திணை முடிபு கொள்கிறது. எழுவாய் தோன்றாத் தொடர்களும் பல. இவற்றை அறியாத கணினி, குழந்தையைப் பொருள்களோடும் கதிரவனை ஆடவரோடும் சேர்த்துவிடும்; அப்பிழையைச் சான்றாகக் கொண்டு மேலும் கற்கும்.

ஆகவே, நூல்களை மின்னாக்கித் தருவதோடு தமிழ்த்துறைகளின் கடமை முடிந்துவிடுவதில்லை. தமிழ்ச் சொற்களுக்கான பகுப்புகளை வரையறுத்தல், விதிவிலக்குகளைத் தொகுத்தல், கணினி கற்றவற்றை அவ்வப்போது எடுத்துச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் இலக்கணப் புலமை வேண்டும் பணிகள். இவற்றை ஆய்வுப் பணியாகவே மதித்து ஆய்வேடுகளுக்குரிய பொருளாக ஏற்றல் வேண்டும். இல்லையேல் கணினி தமிழில் கற்கும் பிழைகள், தமிழ் மாணவர்க்கே அறிவாகத் திரும்பி வரும்.