நாளுக்கு நாலு சொல்: விளம்பரம் என்று நினைத்த கடிதம்



இந்த முறை சொற்களுக்கு முதல் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்களுக்கு வெட்கமான கதைதான். ஆனாலும் புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

ரூ பஜோலில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்த காலம். நாலு பேருக்கும் பக்ரறி வேலை. எங்களில் ஒரு தம்பிக்கு வேலைத்தலத்தில் இருந்து கடிதம் வந்தது. மேலே தடித்த எழுத்தில் 'அவெர்த்திஸ்மோன்' என்று இருந்தது. தம்பி ஊரில் ஓ லெவலில் ஆங்கிலம் சித்தியடைந்தவர். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "இது அட்வர்டைஸ்மென்ற் அண்ணை, ஏதோ விளம்பரம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் வாங்கிப் பார்த்தோம். மூன்று பேரும் தலையாட்டினோம். கடிதம் குப்பை வாளிக்குள் போனது.

மூன்று கிழமை கழித்துப் பதிவுத் தபாலில் இன்னொரு கடிதம் வந்தது. இதற்குக் கையெழுத்து வைத்து வாங்கியபடியால் கொஞ்சம் பயம் வந்தது. கீழ்வீட்டு அக்காவின் மகளிடம் கொண்டுபோனோம். பிள்ளைக்கு ஒன்பது வயது. வாசித்துவிட்டு, "மாமா, முதல் குடுத்த அவெர்த்திஸ்மோனுக்குப் பிறகும் நீங்கள் பிந்தித்தான் போனீங்களாம். பள்ளிக்கூடத்தில குழப்படி செய்தால் எங்களுக்கும் அது தாறவை" என்றது. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, "மாமாவை வேலையால நிப்பாட்டப் போறாங்களோ?" என்று கேட்டு அழத் தொடங்கிவிட்டது.

அவெர்த்திஸ்மோன் என்றால் எச்சரிக்கை. விளம்பரத்துக்கு இங்கே 'பப்ளிசித்தே' என்பார்கள். இந்த ஒரு சொல்லால் ஒரு மனிதனின் வேலை போகப் பார்த்தது.

இரண்டாவது கடிதத்தில் இருந்த சொல் 'ஒன்த்ரத்தியன் ப்ரெயாலாபுல்'. ஒருவரை வேலையால் நிறுத்த நினைக்கும் முதலாளி, முடிவெடுக்க முன்னர் அவரைக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்குப் பெயர்தான் இது. கடிதம் கிடைத்து 5 வேலை நாட்களாவது போகாமல் அந்தச் சந்திப்பை வைக்க முடியாது. கூட வேலை செய்யும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம். வேலைத்தலத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளே இல்லாவிட்டால், 'கொன்செயே து சலாரியே' என்று வெளியில் இருந்து ஒருவரை இலவசமாகக் கூப்பிடலாம். அவர்களின் பட்டியல் மேரியில், அதாவது நகரசபையில், இருக்கும். தம்பி கூட வேலை செய்த மாலி நாட்டுக்காரர் ஒருவரோடு போனார். இரயில் பிந்திய நாட்களின் அத்தாட்சியைக் கொடுத்தார். வேலை தப்பியது.

எங்கள் பிழை எங்கே? ஆங்கில எழுத்தும் பிரெஞ்சு எழுத்தும் ஒன்றுபோல இருப்பதால், ஆங்கிலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சை வாசித்தோம். ரிக்கற், பார்க்கிங் என்று உதவும் சொற்களும் உண்டு. ஆனால் கீழே உள்ளவை ஆளைக் கவிழ்க்கும். கொப்பியில் எழுதி வையுங்கள்.

'தெலே': ஆங்கிலத்தில் 'டிலே' போலத் தெரியும். தாமதம் என்று நினைக்க வேண்டாம். இது தவணை, காலக்கெடு. ஒப்ராவில் இருந்து 'ருஜே', அதாவது நிராகரிப்பு, வந்தால் 'ருக்கூர்' என்ற மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம் தெலே. ஒரு மாதம் பிந்தும் என்பதல்ல, ஒரு மாதத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பதே பொருள். இலவச சட்டத்தரணி கேட்பதற்கு 15 நாள்தான். இந்தச் சொல்லைப் பிழையாக விளங்கினால் வழக்கே போய்விடும்.

'மொனே': 'மணி' போல இருக்கும். பணம் அல்ல, சில்லறை.

'லொக்காசியோன்': 'லொக்கேஷன்' அல்ல, வாடகை.

'லிப்ரேரி': புத்தகக் கடை. நூலகத்துக்குப் 'பிப்லியோதெக்' என்று கேளுங்கள்.

'துமோந்தே': 'டிமாண்ட்' போல அதட்டிக் கேட்பதல்ல, சும்மா கேட்பது.

வெதுப்பகக் கடைப் பலகையில் ஆங்கிலத்தில் 'பெயின்', அதாவது நோ, என்று வாசிக்கக்கூடிய நாலு எழுத்து இருக்கும். பயப்பட வேண்டாம், அது பாண்தான்! மூக்கால் 'பான்' என்று சொன்னால் தருவார்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் எங்கள் பாண். போர்த்துக்கேய மொழியும் பிரெஞ்சும் இலத்தீன் தாயின் பிள்ளைகள். அதனால்தான் எங்கள் வாங்கு இங்கே 'போன்' ஆகவும், கழுசான் 'கல்சோன்' ஆகவும் நிற்கிறது. கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல். ஒல்லாந்தருக்கு அதைக் கொடுத்தது பிரெஞ்சின் 'கொந்துவார்'. ஆகவே அம்மாமாரே, ஐயாமாரே, எங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் ஊரிலிருந்தே கொண்டு வந்திருக்கிறோம்.

இன்னொன்றிலும் தமிழ் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் எல்லாரும் 'யூ'. பிரெஞ்சில் 'து' என்றால் நீ, 'வு' என்றால் நீங்கள். கந்தோரிலும் கடையிலும் வைத்தியரிடமும் 'வு' என்றே சொல்லுங்கள். அதற்கும் முதல் 'பொன்சூர்' சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்டால் இங்கே மரியாதைக் குறைவாக எடுப்பார்கள்.

இனி இந்த மாதத்து நாலு வசனம்.

ஜு நே பா கொம்ப்ரி: எனக்கு விளங்கவில்லை.

புவே வு லெக்ரீர்: அதை எழுதித் தருவீங்களா?

ஜு வூத்ரே லீர் அவோன் து சீஞே: கையெழுத்து வைக்க முதல் வாசிக்க விரும்புகிறேன்.

ஜே மால் இசி: எனக்கு இங்கே நோகுது. (நோகிற இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.)

எங்கே இருந்து படிப்பது? அறையில் இடமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ரூ பஜோலிலேயே பழைய இரயில் சரக்குக் கொட்டகை ஒன்று திருத்தப்பட்டு, 2013இல் வாக்லாவ் ஹவெல் நூலகம் அங்கே திறக்கப்பட்டது. உள்ளே போய் இருந்து வாசிக்கப் பணமில்லை. புத்தகம் இரவல் எடுக்கும் அட்டையும் இலவசம்.

அந்த ரூ பஜோலுக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1996இல் விசா இல்லாத ஆபிரிக்கக் குடும்பங்கள் இந்த வீதியின் இரயில் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். ஜூன் 28ஆம் திகதி பக்கத்தில் உள்ள சென் பெர்னார் தேவாலயத்துக்குப் போனார்கள். ஓகஸ்ட் 23ஆம் திகதி பொலிஸ் கதவை உடைத்து அவர்களை வெளியேற்றியது. அதுவரை அவர்களைக் 'கிளோந்தெஸ்தான்', அதாவது ஒளித்து வாழ்பவர், என்றே சொன்னார்கள். "நாங்கள் ஒளிக்கவில்லை, எங்களிடம் பத்திரம்தான் இல்லை" என்பதே அவர்களின் வாதம். 'சான் பப்பியே' என்ற சொல்லையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல் நாடு முழுக்கப் பரவியது.

குடியுரிமை கேட்க எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி. முன்னர் பி1 அளவு பிரெஞ்சு கேட்டார்கள். 2026 ஜனவரி 1 முதல் அது பி2. ஆறு படியில் நாலாவது படி. ஆகவே நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அழுத அந்தப் பிள்ளையை எங்களால் மறக்க முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கெதியாகப் பாஷை பிடிக்கிறார்கள். அதற்காக எங்கள் விசாக் கவலையையும் வேலைக் கவலையையும் அவர்களின் வாயில் வைப்பது சரியா? அவர்கள் எங்களுக்குச் சொல் சொல்லித் தரட்டும். கடிதத்தை நாங்களே வாசிப்போம். ஒரு நாளைக்கு நாலு சொல் என்றால் வருடத்துக்கு 1460 சொல்.

அடுத்த இதழில் வைத்தியரிடம் பேசும் சொற்களோடு சந்திப்போம். அதுவரை ஒரு கடிதத்தையும் விளம்பரம் என்று நினைத்து எறியாதீர்கள்.