பெல்ஃபாஸ்டில் படிக்க வேண்டியது



போருக்குப் பிந்தைய ஜனநாயகத்தைப் படிக்க மாணவர்கள் வெளிநாடு செல்வது வீண்செலவு, ஒப்பந்தங்களைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம் என்போர் உண்டு. வட அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 3,500 உயிர்களைப் பலிகொண்ட முப்பதாண்டு மோதலை 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி ஒப்பந்தம் பெருமளவு தணித்தது. பொதுவாக்கெடுப்பில் அங்கே 71 சதவீதம் பேர் அதை ஆதரித்தனர். ஏட்டளவில் இது வெற்றிதான். ஆனால் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர் வாழும் ஃபால்ஸ் சாலைக்கும் புராட்டஸ்டண்டுகள் வாழும் ஷாங்கில் சாலைக்கும் நடுவே சுவர் இன்னும் நிற்கிறது. அதன் இரும்புக் கதவுகளை இரவில் பூட்டுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகள் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். இரு தரப்பும் சேர்ந்தே ஆள வேண்டும் என்ற விதியால், ஒரு பெரிய கட்சி விலகினாலே அரசு முடங்கிவிடுகிறது. 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் அதுதான் நடந்தது. அந்த விதி இல்லாமல் ஒப்பந்தமே கையெழுத்தாகியிருக்காது என்பதும் உண்மை. இந்த இழுபறியோடு நாள்தோறும் வாழ்கிறவர்களிடம் கேட்காமல் அதை முழுதாக விளங்கிக்கொள்ள முடியாது.

அடுத்தவர் துயரத்தை வேடிக்கை பார்ப்பதாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. இரண்டு வாரச் சுற்றுலாவாக அனுப்பினால் அப்படித்தான் ஆகும். ஒரு பருவமாவது தங்கி, இரு சமூகங்களின் வரலாற்றையும் படித்து, உள்ளூர் அமைப்புகளின் அன்றாட வேலையில் கைகொடுக்க முன்வருபவர்களுக்கே பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை தர வேண்டும்.