பாய்க்குப் பெயர் இருக்கிறது, நெய்தவளுக்கு?

பதிவு கொஞ்சம் நீளம். பொழுது கிடைக்கும்போது படியுங்கள். என் பழைய மாணவர்கள் பாதியில் விட்டுவிட்டு ஓடக் கூடாது. கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கிறது.

பொங்கல் முடிந்து பெங்களூருவில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். புது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு வாங்க வேண்டும் என்று ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். கைவினைப் பொருள்கள் மட்டும் விற்கிற கடை. பித்தளை விளக்கு, மண் குவளை, சென்னபட்டணத்து அரக்குப் பூச்சு மரக் கிண்ணம், மூங்கில் தட்டு என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். எல்லாம் பழைய தொழில்தான். ஆனால் அளவையும் நிறத்தையும் மாற்றி, இன்றைய வீட்டில் புழங்குகிற பொருளாக ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஒரு மேசை விரிப்பைக் கையில் எடுத்தேன். சாம்பல் நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. கண்ணுக்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிட்டது. கோரை! தலைமுடி போலக் கிழித்த கோரை, பருத்தி நூல் பாவு. இது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொருள் ஆயிற்றே என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். "பத்தமடை, தமிழ்நாடு. கையால் நெய்தது" என்று இருந்தது. அதற்குக் கீழே அந்த விரிப்பை வடிவமைத்த பெண்ணின் பெயர், படம், அவரைப் பற்றி ஆறு வரி. ஆறு விரிப்பு கொண்ட ஒரு கட்டு 2,400 ரூபாய்.

நெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பத்தமடை திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவி பக்கத்தில் இருக்கிறது. தாமிரபரணிக் கரையோரக் கோரையை வைத்து அங்கே பாய் நெய்கிறார்கள். பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். கோரையைப் பச்சையாக அறுத்து, காய வைத்து, பிறகு தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப் போட வேண்டும். ஊறி உப்பிய கோரையை மறுபடி காய வைத்து இழை இழையாகக் கிழிப்பார்கள். எவ்வளவு மெல்லிசாகக் கிழிக்கிறோமோ அவ்வளவு உசத்தி. தரையோடு தரையாகக் கிடக்கிற தறியில், பாவின் மேல் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வோர் இழையாகக் குச்சியில் கோத்து நுழைத்து, அச்சால் நெருக்க வேண்டும். முதல் தரப் பாயைப் பட்டுப் பாய் என்பார்கள். துணி போல மடியும். அப்படி ஒரு பாய்க்கு மாதக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாய் என்றால் மணமகன், மணமகள் பெயரையும் தேதியையும் சேர்த்தே நெய்வார்கள்.

1953இல் எலிசபெத் மகாராணி முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பாயைப் பெற்ற மகாராணியின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. நெய்தவர் பெயர் என்ன என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள்.

கடையில் நின்றபோது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. 1994இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண். பெயர் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் வர மாட்டாள். கேட்டால், "உம்மாவுக்கு ஒத்தாசை டீச்சர்" என்பாள். கணக்கில் விகிதப் பாடத்தில் நூற்றுக்குப் பதினெட்டு வாங்கினாள். அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் சொன்னேன்: "பாய் நெய்து என்ன ஆகப் போகிறது? பிள்ளை மண்டையில் நாலு எழுத்து ஏறட்டும்." அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த வருஷத்தோடு அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் விசாரித்துக்கொண்டு பத்தமடைக்கே போய்விட்டேன். அதே தெரு, பக்கத்து வீடு. இப்போது நாற்பத்து நாலு வயது. தறியில் இருந்தவள் எழுந்து வந்தாள்.

"டீச்சர், வாங்க. இப்பவும் லீவு லெட்டர் கேப்பியளோன்னு பயமா இருக்கு."

சிரித்துவிட்டோம். உள்ளே ஒரு கல்யாணப் பாய் பாதியில் நின்றது. பக்கத்தில் காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எண்கள் எழுதியிருந்தாள். என்னவென்று கேட்டேன். மாப்பிள்ளை பெயர் பெரியது, பெண் பெயர் சின்னது. இரண்டும் பாயில் ஒரே அகலத்துக்கு வர வேண்டும், நடுவில் சரியாக உட்கார வேண்டும். மொத்தப் பாவு இழையை எழுத்துகளுக்கும் இடைவெளிக்கும் பிரித்து, சாயக் கோரையை எத்தனை இழை தாண்டி நுழைக்க வேண்டும் என்று முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறாள். ஒரு இழை தப்பினால் சுழி கோணிவிடுமாம்.

நண்பர்களே, அது விகிதக் கணக்கு. நான் பதினெட்டு மார்க் போட்ட அதே பாடம்.

அந்த வாரங்களில் கைத்தொழில் பீரியட் என்று அட்டவணையில் இருந்ததை நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வேன். பெருமையாகவும் சொல்லிக்கொள்வேன். அந்தப் பீரியடில் அவளைத் தன் தறியைப் பற்றிப் பேச விட்டிருந்தால், மொத்த வகுப்புக்கும் விகிதம் புரிந்திருக்கும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

"உன் உம்மாகிட்ட அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா" என்றேன்.

"பாதிதான் தப்பு டீச்சர். படிச்சிருந்தா நானே கடைக்காரவுகளோட பேசியிருப்பேன்" என்றாள்.

பெங்களூரு விரிப்பை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் நெய்தது இல்லை, ஆனால் யார் நெய்தது என்று உடனே சொன்னாள். ஓரம் மடிக்கிற விதத்தில் தெரியுமாம். மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒரு அக்கா. எனக்கு இது பெரிய ஆச்சரியம். கையெழுத்தை வைத்து நோட்டு யாருடையது என்று நான் கண்டுபிடிப்பேன். அதே போலத்தான் இதுவும். கையெழுத்து பொருளிலேயே இருக்கிறது. நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கூலியையும் கேட்டேன். கணக்கு டீச்சர் இல்லையா! அதே மாதிரி விரிப்பு இவளும் நெய்து கொடுக்கிறாள். ஒன்றுக்கு 90 ரூபாய். ஆறுக்கு 540. கோரை, நூல், சாயம் என்று நூறு ரூபாய் போய்விடும். மீதி 440. ஆறு நெய்ய முழுசாக இரண்டு நாள். ஒரு நாளைக்கு 220 ரூபாய். நூறு நாள் வேலைக்கு அரசு அறிவித்திருந்த கூலியே இதைவிடக் கூடுதல்.

உடனே கடைக்காரரைத் திட்டி எழுதிவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. சீட்டில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். வடிவமைப்பாளர் பெண்ணே பேசினார். அகமதாபாத்தில் வடிவமைப்புப் படித்தவர். மரியாதையாக, பொறுமையாகப் பதில் சொன்னார். கடை வாடகை, வரி, விற்காமல் தேங்குகிற சரக்கு, வெள்ளோட்டத்தில் வீணாகிற மாதிரிகள் என்று அவர் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் வந்த பிறகு தரையில் விரிக்கக் கோரைப் பாய் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மேசை விரிப்பு, கைப்பை, கோப்பு உறை என்று யாராவது புதிதாக யோசித்துக் கொடுத்ததால்தான் சில தறிகளாவது ஓடுகின்றன. வடிவமைப்பாளர் பெயர் சீட்டில் இருப்பது நியாயம்தான்.

நெய்தவர் பெயரையும் போடலாமே என்றேன். இரண்டு காரணம் சொன்னார். ஒன்று, பலர் நெய்த சரக்கு கலந்து வருகிறது. இரண்டு, பெயரைப் போட்டால் போட்டிக் கடைக்காரர்கள் நேரே அவர்களிடம் போய்விடுவார்கள்.

முதல் காரணத்துக்கு நான் சொன்ன பதில்: "என் மேசையில் தினம் நாற்பது நோட்டு கலந்துதான் வரும்மா. ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கும்." இரண்டாவதற்குச் சொன்னேன்: "நாலு பேர் தேடி வந்தால் அவள் கூலி கூடும் என்பதுதானே உங்கள் பயம்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். யோசிக்கிறேன் என்றார். அவர்தான் ஒரு புத்தகமும் சொன்னார்.

நம் அரசாங்கம் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்கிற அமெரிக்கத் தம்பதியை அழைத்தது. நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவர்கள். இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதை ஒட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது அரண்மனையையோ சிலையையோ இல்லை. நம் வீட்டுச் செம்பு! எவ்வளவு கொள்ளும், எப்படி ஊற்ற வரும், இடுப்பில் எப்படி உட்காரும், கழுவ எளிதா, விலை என்ன என்று வரிசையாகக் கேள்வி கேட்டு, இதை ஒருவர் உட்கார்ந்து வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கை பட்டு வந்த வடிவம் என்கிறார்கள்.

படித்துப் பார்த்தேன். அருமையான பேச்சு. ஆனால் இதையே சாக்காக வைத்து, கைவினை என்றால் ஊர்ப் பொதுச் சொத்து, அதற்குத் தனி ஆள் பெயர் தேவையில்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பாய் என்கிற வடிவம் பல தலைமுறையின் வேலை. சரி. என் கையில் இருக்கிற இந்தப் பாய், இரண்டு நாள் குனிந்து உட்கார்ந்த ஒருத்தியின் வேலை. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றும். ஆள் பெயரைக் காப்பாற்ற நாம்தான் கேட்க வேண்டும். கல்யாணப் பாயில் முகம் தெரியாத பெண் மாப்பிள்ளை பெயரை இழை எண்ணி நெய்கிறவளுக்கு, தன் பெயரை ஒரு சீட்டில் அச்சடித்துப் பார்க்க உரிமை இல்லையா?

பெயர் போட்டால் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். உடனே நிறையாது. ஆனால் பெயர் இல்லாதவளிடம் விலை பேசுவதும் பெயர் உள்ளவளிடம் விலை பேசுவதும் ஒன்று இல்லை. வடிவமைப்பாளரிடம் யாரும் பேரம் பேசுவதில்லை, கவனித்தீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைத்தொழில் அழியக் கூடாது என்று மேடையில் பேசுவது எளிது. என் மாணவியின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நர்சிங் சேர வேண்டும் என்கிறாள். அம்மாவின் இடுப்பு வலியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. "நீங்க என்ன சொல்லுதிய டீச்சர்?" என்று அம்மா கேட்டாள். நர்சிங்குக்கே போகட்டும் என்றுதான் சொன்னேன். மரபைக் காப்பாற்றுகிற பொறுப்பை அந்தப் பிள்ளை தோளில் வைக்க எனக்கு வாய் வரவில்லை. கூலியும் மரியாதையும் கிடைக்கிற தொழிலாக இருந்தால் யாராவது ஒரு பிள்ளை தானாக விரும்பி உட்காரும். அதுவரை மற்றவர் பிள்ளையைப் பார்த்து, "விட்டுவிடாதே" என்று சொல்ல நமக்குத் தகுதி இல்லை.

இப்போது வீட்டுப்பாடம்.

கைவினைப் பொருள் வாங்கும்போது கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைச் செய்தவர் பெயர் என்ன? தெரியாது என்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.

செய்கிறவரிடமே நேரில் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பாய் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களே, கைத்தொழில் பீரியடை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேடி அலைகிறீர்களே, ஒரு தடவை பாய் நெய்கிற அக்காவையோ பானை வனைகிற அண்ணனையோ மேடையில் உட்கார வையுங்கள். அவர்கள் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த வடிவமைப்பாளர் பெண்ணிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி பேசுவேன். விட மாட்டேன், என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் கையால் செய்த பொருள் ஒன்றாவது இருக்கும். செய்தவர் பெயர் தெரிந்தால், அவர்கள் சம்மதத்தோடு, கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். தெரியாவிட்டால், "தெரியாது" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு கணக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்