அட்டை பழுதா? அணுகுமுறை பழுதா?



ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! சென்ற மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. சங்கத்திற்குச் சொந்தமான 12 கணினிகளையும் கழித்துவிட்டு, 18,000 ரிங்கிட் செலவில் புதியன வாங்க வேண்டும் என்பதே அத்தீர்மானம். காரணம் என்னவென்று கேட்டேன். "கிராபிக் கார்டு எல்லாம் போய்விட்டதாம், ஐயா. பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்" என்றார்கள். பன்னிரண்டும் ஒரே வாரத்திலா போயின என்று மீண்டும் கேட்டேன். சிலர் சிரித்தனர், விடை கூறுவார் எவருமிலர். முடிவை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொண்டேன். நல்லவேளையாக ஒப்புக்கொண்டார்கள்.

அந்தக் கேள்விக்கு நானே விடை தேடினேன். தேடியதையும் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். இஃது எங்கள் ஒரு பள்ளியின் சிக்கல் மட்டுமன்று என்பதே எழுதுவதற்குக் காரணம்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினிகள் நன்கொடையாக வந்தவை; வயதானவை. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 பழைய செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே, லினக்ஸ் நிறுவலாம் என்று சங்கம் முடிவு செய்தது. அது பாராட்டத்தக்க முடிவுதான். வெளியாள் ஒருவர் வந்து நிறுவினார். அதன்பின் திரையில் எழுத்துகள் பெருத்துக் காணப்பட்டன. படங்கள் ஆமைபோல் நகர்ந்தன. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நிரலாக்கம் பழகும் ஸ்கிராட்ச் திறக்கவே திணறியது. ஸ்கிராட்ச்சின் மூன்றாம் பதிப்பு 2019ஆம் ஆண்டு வெளிவந்ததிலிருந்து வெப்ஜிஎல் என்னும் வரைகலை நுட்பத்தை நம்பியே இயங்குகிறது. வரைகலை அட்டை ஒத்துழைக்காவிட்டால் ஸ்கிராட்ச்சில் பூனை நடக்காது. இதைக் கண்ட அந்த வெளியாள், "அட்டை பழுது" என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

தீர்ப்பு முந்தியது, விசாரணை நடக்கவேயில்லை. இதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

ஆசிரியர்களாகிய நாம் இதை நன்கு அறிவோம். வாசிக்கத் தடுமாறும் ஒரு மாணவனை முதல் நாளிலேயே 'மந்தம்' என்று முத்திரை குத்துவோமா? கண் பார்வை சரியாக உள்ளதா, காலையில் உண்டானா, எழுத்தையே அறியவில்லையா, அல்லது எழுத்தை அறிந்தும் கூட்டிப் படிக்கத் தெரியவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காரணத்தைக் கண்டறிந்த பிறகே குறைநீக்கல் நடவடிக்கை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றவற்றுள் இன்றுவரை கைகொடுப்பது இந்த ஒன்றுதான். பிள்ளைக்குக் காட்டும் அந்தப் பொறுமையில் காற்பங்கையேனும் பெற்றோரின் பணத்தில் வாங்கப்போகும் பொருளுக்குக் காட்டலாகாதா?

கண்டறிந்தது என்ன?

டிரைவர் என்று நாம் வழக்கில் சொல்லும் 'இயக்கி' யாது? இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லலாம். மொழிபெயர்ப்பாளர் வராத கூட்டத்தில் வெளிநாட்டு அறிஞர் வாய்மூடி அமர்ந்திருப்பார். அவருக்குப் பேசத் தெரியாது என்று நாம் முடிவு கட்டலாமா?

லினக்ஸில் வரைகலைச் சிக்கலை ஆராய நான்கு வினாக்கள் போதும்.

ஒன்று, எந்த அட்டை பொருத்தப்பட்டுள்ளது? அதை இப்போது எந்த இயக்கி கையாளுகிறது? 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையோடு 'கே' என்ற குறியைச் சேர்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். எங்கள் கணினிகளில் அட்டையின் பெயர் வந்தது. 'பயன்பாட்டில் உள்ள இயக்கி' என்ற வரி மட்டும் வரவில்லை. ஆக, அட்டை உயிரோடு இருக்கிறது. அதனோடு பேசத்தான் ஆளில்லை.

இரண்டு, படத்தை வரைவது யார்? 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' என்ற கட்டளை இதைச் சொல்லும். அதில் 'எல்எல்விஎம்பைப்' என்ற பெயர் தெரிந்தால், அட்டை சும்மா இருக்கிறது, மையச் செயலியே எல்லாப் படத்தையும் வரைந்து களைக்கிறது என்று பொருள். எங்கள் கணினிகளில் அந்தப் பெயரே தெரிந்தது. ஆமை வேகத்தின் காரணம் புரிந்தது.

மூன்று, கணினி எழும்போது அதற்கு என்ன கட்டளை இடப்பட்டுள்ளது? தொடக்கக் கட்டளை வரியைப் பார்த்தேன். 'நோமோட்செட்' என்ற சொல் அங்கே அமர்ந்திருந்தது. வரைகலை இயக்கியைப் பணிக்கு வராதே என்று தடுக்கும் சொல் அது. திரை கறுத்துப்போகும்போது தற்காலிகமாகப் படத்தை வரவழைக்க உதவும் ஊன்றுகோல். கால் முறிந்தவனுக்கு ஊன்றுகோல் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்காமல், "இவன் ஓடமாட்டான்" என்று எழுதிவைத்த கதைதான் நடந்திருக்கிறது.

நான்கு, திரை ஏன் முதலில் கறுத்தது? ஒரு கணினியில் மட்டும் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு மீண்டும் எழுப்பினேன். திரை கறுத்தது. பின்னர்ப் பழைய வழியில் எழுப்பி, முந்திய முறை என்ன நடந்ததென்று கெர்னல் எழுதிவைத்த பதிவேட்டைப் படித்தேன். விடை ஒரே வரியில் இருந்தது: பேர்ம்வேர் கோப்பைக் காணவில்லை. பேர்ம்வேர் என்பது அட்டையின் உள்ளே ஏற்றப்படும் சிறு நிரல். இயக்கி வந்திருக்கிறது, அதற்குரிய பேர்ம்வேர் வரவில்லை. நிறுவியவர் பயன்படுத்திய விரலி மிகப் பழையது.

விடுபட்ட பொதியை நிறுவினேன், தடைச்சொல்லை நீக்கினேன், கணினியை மீண்டும் எழுப்பினேன். திரை தெளிந்தது. ஸ்கிராட்ச் திறந்தது. பூனை நடந்தது. 12 கணினிகளில் 11 இவ்வாறே மீண்டன. எஞ்சிய ஒன்றில் அட்டை மெய்யாகவே பழுது. அதைக் கழற்றிவிட்டு, செயலியோடு வந்த வரைகலைப் பகுதியையே பயன்படுத்தச் செய்தேன். செலவு: ஒரு சனிக்கிழமையும் மூன்று குவளைத் தேநீரும்.

நான் பொறியாளன் அல்லன். தமிழும் நன்னெறியும் கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியன். என்னால் இது முடிந்ததென்றால் அது என் திறமையாலன்று. அந்த இயக்கியின் மூல நிரல் திறந்திருந்தது. அதனால் பிழை எதுவென்று அது வெளிப்படையாகச் சொன்னது. அதே பிழையைக் கண்டவர்கள் அதற்கான தீர்வை எழுதி வைத்திருந்தனர்.

திறந்த கதவும் மூடிய கதவும்

திறமூல இயக்கிகள் வானத்திலிருந்து விழவில்லை. பிரையன் பால் என்பவர் 1993இல் தொடங்கிய மெசா என்ற திட்டமே இன்று லினக்ஸின் வரைகலைக்கு முதுகெலும்பு. ஏஎம்டி நிறுவனம் 2007ஆம் ஆண்டு தன் அட்டைகளின் நுட்பக் குறிப்புகளை வெளியிட முன்வந்தது. இண்டெல் தன் இயக்கிகளைத் திறமூலமாகவே வளர்த்தது. இதன் பயன் என்ன? 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஏஎம்டி அட்டைகளுக்கு 2025ஆம் ஆண்டிலும் இயக்கித் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன.

மறுபக்கம் பாருங்கள். என்விடியா நிறுவனம் நெடுங்காலம் தன் இயக்கியைப் பூட்டியே வைத்திருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினுஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்துப் பல்கலைக்கழக மேடையொன்றில் அந்நிறுவனத்தை வெளிப்படையாகச் சாடியது பலரும் அறிந்த செய்தி. அதன் 340 வரிசை இயக்கிக்கான ஆதரவு 2019 இறுதியிலும், 390 வரிசைக்கான ஆதரவு 2022 இறுதியிலும் முடிந்தன. பூட்டிய இயக்கிக்கு ஆதரவு முடிந்துவிட்டால், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஏதோ ஒரு நாளில் அந்த இயக்கி பொருந்தாமற்போகும். அட்டை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் பேசவைக்கும் உரிமை நம்மிடம் இராது. 'நோவோ' என்ற திறமூல இயக்கியைத் தன்னார்வலர்கள் குறிப்பேதும் கிடைக்காமல், வன்பொருளின் நடத்தையை ஆராய்ந்தே எழுதினர். 2010இல் அது கெர்னலில் இடம்பெற்றது. 2022 மே மாதத்தில் என்விடியாவும் தன் கெர்னல் பகுதியின் நிரலைத் திறந்தது. ஆனால் 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கு முந்திய அட்டைகளுக்கு அது பொருந்தாது. நன்கொடையாகப் பள்ளிக்கு வருபவை பெரும்பாலும் முந்தியவைதாமே!

தமிழாசிரியர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்ததை மறந்துவிட்டோமா? அன்று தட்டெழுதிய பள்ளி ஆண்டுமலர்க் கோப்பை இன்று திறந்தால் புரியாத குறிகளே மிஞ்சுகின்றன. எழுதியது தமிழ், சேமித்தது நாம், ஆனால் சாவி எழுத்துரு விற்றவரிடம் இருந்தது. எல்லாருக்கும் பொதுவான யுனிகோடு பரவிய பின்னரே நம் எழுத்து நம் கைக்கு வந்தது. எழுத்துருவில் கற்ற பாடத்தை வன்பொருளில் மறக்கலாமா?

எதிர்வாதங்கள்

"ஐயா, நீங்கள் பாடம் நடத்துங்கள், கணினியைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு பெற்றோர் அன்போடு சொன்னார். அவர் அக்கறையை மதிக்கிறேன். ஆனால், பழையதைச் சீராக்கினால் கடைக்காரருக்குக் கிடைப்பது சிறு கூலி; புதியதை விற்றால் கிடைப்பது இலாபம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. விற்பவரிடமே 'வாங்கலாமா?' என்று கேட்கும் வழக்கம்தான் கெட்டது.

"லினக்ஸ் என்றாலே தலைவலி" என்பது இன்னொரு வாதம். தலைவலி உண்டு, மறைக்கமாட்டேன். நோவோ இயக்கியால் பல அட்டைகளை முழு வேகத்தில் ஓட்ட முடிந்ததில்லை. 2014க்குப் பின் வந்த அட்டைகளில் நிறுவனம் கையொப்பமிட்ட பேர்ம்வேர் இல்லாமல் வேகத்தைக் கூட்ட வழியிருக்கவில்லை. நான் புகழும் திறமூல இயக்கிகளும் பூட்டிய பேர்ம்வேர் கோப்புகளை நம்பியே நிற்கின்றன. அதனாலேயே டெபியன் போன்ற இயங்குதளம் அவற்றை நெடுங்காலம் தன் நிறுவல் வட்டில் சேர்க்கத் தயங்கியது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. குறை இருக்கிறது. ஆனால் திறந்த வீட்டின் குறை கண்ணுக்குத் தெரியும், கைவைத்துத் திருத்தலாம். பூட்டிய வீட்டின் குறையைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கத்தான் முடியும்.

"அரசு செய்யட்டும்" என்போரும் உளர். நம் நாட்டு அரசு 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. திட்டம் போடுவது அரசின் வேலை என்றால், நம் சங்கம் வாங்கும் பொருளைச் சோதித்து வாங்குவது யாருடைய வேலை?

என் கோரிக்கைகள்

அடுத்த கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கவிருக்கிறேன். மற்றப் பள்ளிகளும் எண்ணிப் பார்க்கட்டும்.

முதலாவது, எந்தக் கணினியையும் காரணம் எழுதாமல் கழிக்கக்கூடாது. 'பழுது' என்ற ஒரு சொல் காரணமாகாது. மேற்சொன்ன நான்கு வினாக்களுக்கான விடை ஒரு தாளில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, புதிதாக வாங்கினாலும் நன்கொடையாகப் பெற்றாலும், அந்த வரைகலை அட்டைக்குக் கெர்னலிலேயே திறமூல இயக்கி உள்ளதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். விரலியிலிருந்தே லினக்ஸை எழுப்பிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். தனி வரைகலை அட்டை தேவைதானா என்றும் கேட்க வேண்டும். தொடக்கப்பள்ளி மாணவனுக்குச் செயலியோடு வரும் வரைகலையே போதும்.

மூன்றாவது, இந்தச் சோதனையை மாணவர்களின் கண்முன்னே செய்ய வேண்டும். அந்தச் சனிக்கிழமை என்னோடு ஆறாம் ஆண்டு மாணவர் இருவர் இருந்தனர். பழுதுச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்து, "ஐயா, காணோம் என்றுதானே சொல்கிறது? பழுது என்று சொல்லவில்லையே!" என்று முதலில் கேட்டவள் அவர்களுள் ஒருத்திதான். கூட்டத்தில் பெரியவர்கள் எவரும் கேட்காத கேள்வி அது.

18,000 ரிங்கிட் சிறு தொகையன்று. குடும்ப நாளில் பெற்றோர்கள் வெயிலில் நின்று உணவு விற்றுச் சேர்த்த பணம். நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைப் பிள்ளைகள் ஒட்டி ஒட்டிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவெடுக்கும்முன் சங்கத்தார் ஒருமுறை கணினி அறைக்கு வந்து, அந்தப் பதினொரு திரைகளையும் பார்த்துவிட்டுப் போகட்டும். அதன்பின்னும் கழிக்கத்தான் வேண்டுமென்றால், காரணத்தை எழுத்தில் தரட்டும்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்