தோலைத் தொட்டவர் எந்திரம் செய்த கதை

ஈரோட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய புங்கமரத்தடியில் நாற்பது வருடமாகச் செருப்புத் தைக்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார். நலவாரிய அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பம் எழுதித் தரப் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:

"ஏங்கண்ணு, பேத்தி பன்னெண்டாவது முடிச்சிருச்சு. செருப்பு, பூட்ஸ் செய்யற படிப்பு ஒண்ணு இருக்குதாமா. அதுக்குத்தான் போவேங்குது. இந்தக் குத்தூசிய அவ தொடக் கூடாதுன்னுதான நான் வெயில்ல உக்காந்திருக்கேன்? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு."

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் தாத்தா கவலை இறைக்கும் தோல்பறி தைத்தவர். பம்ப்செட் வந்ததும் அவர் வேலை போனது. "அந்தத் தொழில் பேச்சே வேண்டாம்" என்றுதான் எங்கள் வீட்டில் என்னைப் படிக்க வைத்தார்கள். அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று வீடு திரும்பும்போது நினைவுக்கு வந்தவர் வேறொருவர். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் நின்று, மற்றவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பின இளைஞர். அவர் பெயர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர்.

அவர் என்ன செய்தார் என்பது புரிய, காலணித் தொழில் எந்திரமான கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூற்றாண்டுகளாகச் செருப்பு கையால்தான் தைக்கப்பட்டது. மடியில் ஒரு கல், கையில் ஒரு சுத்தி, குத்தூசி, மெழுகு தடவிய நூல். நம் தாத்தாக்களிடம் இருந்தவையும் ஏறக்குறைய இவைதான். எந்திரத்தால் செய்யலாம் என்று முதலில் தோன்றியது படைகளின் தேவையால். 1810ல் இங்கிலாந்தில் மார்க் இசம்பார்ட் புருனெல், அடித்தோலை ஆணிகளால் பொருத்தும் எந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். லண்டனை அடுத்த பாட்டர்சியில் பட்டறை போட்டு, போரில் ஊனமுற்ற சிப்பாய்களை வேலைக்கு வைத்துப் படைவீரர்களுக்கு பூட்ஸ் செய்தார். 1815ல் வாட்டர்லூவோடு போர் முடிந்தது, பூட்ஸ் வாங்க ஆள் இல்லை. 1821ல் புருனெல் கடனுக்காகச் சிறைக்குப் போனதற்கு அந்த நஷ்டமும் ஒரு காரணம்.

நிலைத்து நின்ற மாற்றம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. அங்கே லின் என்ற ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும் செருப்பு ஊர்கள். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடிக் கொட்டகை. அதில் அப்பா, மகன், பக்கத்து வீட்டுக்காரர் உட்கார்ந்து தைப்பார்கள். கோடையில் பயிர் வைத்தவர்களே குளிர்காலத்தில் செருப்புத் தைத்தார்கள். வீட்டுப் பெண்கள் மேல்தோலை, அதாவது ஆம்பூர் கம்பெனிகளில் நாம் 'அப்பர்' என்று சொல்வதை, தைத்துக் கொடுத்தார்கள். தோலைத் தொட்டதற்காக அந்த ஊரில் யாரும் ஊருக்கு வெளியே குடியிருக்கவில்லை. தோல் தைத்தவர் கோயிலுக்குப் போனார், ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட்டார், மகனைப் பட்டறைக்கு அனுப்பினார்.

இந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஊர்களில் எந்திரங்கள் வரிசையாக வந்ததற்கு இது முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1840களில் தோலை உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்தும் எந்திரம் வந்தது. கல்லில் வைத்து அரை மணி நேரம் சுத்தியால் தட்டிய வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது. எலியாஸ் ஹோ 1846ல் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1852ல் லின் நகரத்தில் ஜான் புரூக்ஸ் நிக்கல்ஸ் என்பவர் அதைத் தோல் தைக்கும்படி மாற்றினார். வீட்டில் அப்பர் தைத்த பெண்கள் தொழிற்சாலைக்கு வரவேண்டியதாயிற்று. 1858ல் லைமன் பிளேக், அடித்தோலை அப்பரோடு சேர்த்துத் தைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இந்த பிளேக் செருப்புத் தைத்தே வளர்ந்தவர். ஊசி எங்கே நுழைய வேண்டும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்பது அவர் கைக்குத் தெரியும். தெரிந்த கைக்கு வரைபடம் போட வாய்ப்பும் கிடைத்தது.

ஆனால் லாபம் பிளேக்கின் பெயரில் நிற்கவில்லை. கார்டன் மெக்கே என்ற முதலாளி 8,000 டாலர் ரொக்கமும், வரப்போகும் லாபத்தில் ஒரு பங்கும் பேசி அந்தக் காப்புரிமையை வாங்கினார். எந்திரத்தை அவர் வாடகைக்கு விட்டார். தைக்கும் ஒவ்வொரு சோடிக்கும் தொழிற்சாலைக்காரர் அவருக்குக் காசு கட்ட வேண்டும். 1861ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் படைக்கு பூட்ஸ் கேட்டார்கள், எந்திரம் ஓடியது. அதன் பெயரே 'மெக்கே எந்திரம்' ஆகிவிட்டது.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1860ல் லின் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், பெண்கள் பனியில் ஊர்வலம் போனார்கள். 1867ல் 'செயின்ட் கிரிஸ்பின் வீரர்கள்' என்ற பெயரில் செருப்புத் தொழிலாளர் சங்கம் உருவானது. புது ஆட்களுக்குத் தொழிலைக் கற்றுத் தரக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. 1870ல் அதே மாநிலத்தின் நார்த் ஆடம்ஸ் ஊரில் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளி கலிபோர்னியாவிலிருந்து 75 சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார். திறமையில் பாதி எந்திரத்துக்குள் போன பிறகு, அந்தத் தொழிலைச் செய்தே அறியாதவர்களைக் கூடச் சில வாரங்களில் பழக்கிவிட முடிந்தது.

இத்தனை எந்திரங்களுக்குப் பிறகும் ஒரு வேலை மட்டும் கைக்கே மிச்சமிருந்தது. அதுதான் லாஸ்டிங். பாத வடிவில் செதுக்கிய மரக்கட்டையின் மேல் அப்பரைப் போட்டு, இடுக்கியால் இழுத்து, முன்விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, ஆணி அடித்து நிறுத்துவது. தோலுக்குத் தோல் இழுவை மாறும். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் கிழியும், குறைத்து இழுத்தால் சுருக்கம் விழும். கைதேர்ந்த ஒருவர் நாளுக்கு ஐம்பது சோடி முடிப்பார். மற்ற எந்திரங்கள் எல்லாம் இவர்களுக்காகக் காத்து நின்றன. நல்ல கூலியும் வலுவான சங்கமும் அவர்களுக்கு இருந்தது. எங்கள் விரல் செய்வதை எந்த எந்திரமும் செய்யாது என்ற நம்பிக்கையும் இருந்தது.

அந்த ஊருக்கு 1877ல் வந்து சேர்ந்தவர் மாட்செலிகர். 1852ல் டச்சுக் காலனியான சுரினாமின் பரமாரிபோ நகரில் பிறந்தவர். அம்மா கறுப்பினப் பெண், அப்பா டச்சு எஞ்சினியர். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததே 1863ல்தான். பத்து வயதில், அப்பா பொறுப்பில் இருந்த அரசு எந்திரப் பட்டறையில் வேலை பழகப் போனார். பத்தொன்பது வயதில் கப்பலேறினார். பிலடெல்பியா வழியாக லின் வந்தபோது ஆங்கிலம் சரியாகத் தெரியாது. செருப்புத் தொழிற்சாலையில் அதே மெக்கே எந்திரத்தை ஓட்டும் வேலை கிடைத்தது. பகலில் வேலை, இரவுப் பள்ளியில் ஆங்கிலம், மிச்ச நேரத்தில் பழைய புத்தகங்களை வைத்து எந்திரவியல் படிப்பு.

அவர் லாஸ்டிங் செய்பவர்களின் கைகளைப் பார்த்தார். இடுக்கி எப்படித் திரும்புகிறது, கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து, சுருட்டுப் பெட்டி மரம், கம்பி, ஆணி இவற்றைக் கொண்டு வாடகை அறையில் முதல் மாதிரியைச் செய்தார். அதை 50 டாலருக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அடுத்த மாதிரியின் ஒரு பகுதிக்கு மட்டும் 1,500 டாலர் தருவதாகச் சொன்னார்கள், அதற்கும் மறுத்தார். கஞ்சி குடித்துக் காசு சேர்த்து இரும்பு வாங்கினார். வரைபடம் அவ்வளவு சிக்கலாக இருந்ததால், காப்புரிமை அலுவலகம் எந்திரத்தை நேரில் பார்க்கவே ஓர் ஆளை லின் நகரத்துக்கு அனுப்பியது. 1883 மார்ச் 20ல் காப்புரிமை கிடைத்தது. 1885 மே மாதச் சோதனையில் அந்த எந்திரம் 75 சோடி பெண்கள் செருப்பைக் குறையில்லாமல் முடித்தது. பிறகு நாளுக்கு 150 முதல் 700 சோடி வரை போனது.

அதே ஊரில் சில தேவாலயங்கள் நிறத்தைப் பார்த்து அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நார்த் காங்கிரிகேஷனல் தேவாலயத்தின் இளைஞர்கள்தான் சேர்த்துக்கொண்டார்கள். தொழிற்சாலைகளில் அவர் எந்திரத்தைக் கறுப்பர்களை இழிவுபடுத்தும் ஒரு வசைச்சொல்லால் அழைத்தார்கள். பிளேக்கின் எந்திரத்துக்கு முதலாளியின் பெயர் கிடைத்தது, மாட்செலிகரின் எந்திரத்துக்கு வசவு கிடைத்தது. செய்தவர் பெயர் இரண்டிலும் இல்லை.

எந்திரத்தை முடிக்கப் பணம் வேண்டியிருந்ததால், தன் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் முன்பே இரண்டு முதலீட்டாளர்களுக்குக் கொடுத்திருந்தார். 1889 ஆகஸ்டில் காசநோயால் இறந்தபோது வயது 36. தன்னிடமிருந்த பங்குகளில் ஒரு பகுதியைத் தன்னைச் சேர்த்துக்கொண்ட அந்தத் தேவாலயத்துக்கு எழுதி வைத்தார். பத்து வருடம் கழித்து, 1899ல், காலணி எந்திரக் கம்பெனிகள் ஒன்றாகி 'யுனைடெட் ஷூ மெஷினரி' உருவானது. முக்கிய எந்திரங்களை விற்காமல் வாடகைக்கு மட்டும் விட்டு, அமெரிக்கச் செருப்புத் தொழிலையே கைக்குள் வைத்திருந்தது. அது ஏகபோகச் சட்டத்தை மீறியது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1953ல்.

மாட்செலிகரைப் புனிதர் ஆக்க நான் இதை எழுதவில்லை. அவர் எந்திரத்தால் லாஸ்டிங் தொழிலாளர்கள் தங்கள் பிடியை இழந்தார்கள், அதுவும் உண்மை. நான் பார்ப்பது இரண்டு கதவுகளை. முதல் கதவு, கண்டுபிடிப்பின் கதவு. அது திறக்க, தோலைத் தெரிந்த கையும் இரும்பைத் தெரிந்த கையும் ஓரிடத்தில் சேர வேண்டும். இனவெறி நிறைந்த அமெரிக்காவிலும் அந்தச் சேர்க்கைக்கு ஓர் இடுக்கு இருந்தது. பட்டறைக்குள் போன கறுப்பினச் சிறுவன், தொழிற்சாலைக்குள்ளும் போக முடிந்தது. இரண்டாவது கதவு, உடைமையின் கதவு. அது அவருக்குக் கால்வாசிகூடத் திறக்கவில்லை.

நமக்கு முதல் கதவே மூடியிருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் தோல் அறிவு இல்லாமலா இருந்தது? ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் பூட்ஸின் அப்பருக்கு மெட்ராஸ் தோலை அரசே வாங்கியது. சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி அந்தத் தோலை உருவாக்கிய கைகள் பெரும்பாலும் நம்முடையவை. எவ்வளவு நாள் ஊற வேண்டும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். ஆனால் தோலைத் தெரிந்தவரைப் பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை, பள்ளிக்கூடம் போனவர் தோலைத் தொடவில்லை. மூளையும் கையும் ஒரே உடம்பில் சேரவிடாமல் சாதி காவல் காத்தது. பிறப்பால் தலையில் கட்டப்பட்ட, இழிவென்று சொல்லப்பட்ட வேலையில் ஒருவரின் மனமும் அறிவும் எப்படி ஈடுபடும் என்று அம்பேத்கர் 1936லேயே 'சாதி ஒழிப்பு' உரையில் கேட்டிருக்கிறார். 'இவர்களுக்குத் திறமை இல்லை, அதனால் கண்டுபிடிக்கவில்லை' என்று இன்றும் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பத்து வயதில் எங்கள் பிள்ளை கையில் நீங்கள் கொடுத்தது கடைசல் எந்திரமா, மலக்கூடையா?

இன்று லாஸ்டிங் எந்திரம் ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் ஓடுகிறது. நம் பெண்கள் அப்பர் தைக்கிறார்கள், 1852ல் லின் பெண்கள் தைத்ததைப் போலவே. வடிவமைக்கும் மேசையில், எந்திரம் வாங்கும் கையெழுத்தில், கம்பெனிப் பங்கில் நாம் எங்கே இருக்கிறோம்? தாட்கோ கடன் என்றால் பங்க் கடையும் தையல் எந்திரமும் மட்டும்தானா? காலணித் தொழில்நுட்பம் படித்த நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டறை போட முதலும் எந்திரமும் ஏன் கிடைக்கக் கூடாது?

மறுவாரம் தாத்தாவிடம் போனேன். மாட்செலிகர் கதையை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். குத்தூசியைக் கீழே வைக்காமலே கேட்டார். முடிந்ததும், "அந்த மனுசனுக்குக் கடைசியில காசு வந்துதா?" என்றார்.

"பெரும்பங்கு வேற ஆளுங்களுக்குப் போயிருச்சு தாத்தா."

"அப்பறம் எதுக்கு எம்பேத்திய அங்க அனுப்பச் சொல்ற?"

"அனுப்பச் சொல்லல தாத்தா. வேற படிப்புப் படிக்கறதுன்னா அதுவும் அவ உரிமை. யாருக்கும் நாம இந்தத் தொழிலக் கடன்பட்டில்ல. ஆனா அவளே கேக்கறா. உங்க கைக்குத் தெரிஞ்சது அவளுக்கும் தெரியும், எந்திரமும் தெரிஞ்சா, மரத்தடியில உக்கார வேண்டியதில்ல. காசு வேற ஆளுக்குப் போகாம பாக்கற வேலை நம்ம எல்லாத்துக்கும் இருக்குது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாரத்த அடுத்த வாரம் எடுத்துட்டு வா கண்ணு, அவளையும் வரச் சொல்றேன்" என்றார்.

பாரம் என் பையில் இருக்கிறது.