கையை ஏமாற்ற முடியுமா?

கண் முன்னே ஒரு பந்து தெரிகிறது. கை நீட்டிப் பிடித்தால் வெறும் காற்று! கண் "உண்டு" என்கிறது. கை "இல்லை" என்கிறது.

கம்ப்யூட்டர் காட்டும் மாய உலகத்தில் இதுதான் பெரிய குறை. தலையில் மாட்டும் கண்ணாடி, கண்ணையும் காதையும் ஏமாற்றி விடும். கை மட்டும் ஏமாறாது.

அமெரிக்க சினிமாக்காரர் மார்ட்டன் ஹைலிக், 1962-ல் "சென்சோரமா" என்ற எந்திரத்துக்குக் காப்பு உரிமை பெற்றார். அதில் உட்கார்ந்து படம் பார்த்தால் ஆசனம் அதிரும். முகத்தில் காற்று அடிக்கும். வாசனை கூட வரும்! ஆனால், பணம் போட யாரும் முன்வரவில்லை.

இப்போது உடம்பிலேயே அணியும் கருவிகள் வந்து இருக்கின்றன. தென் கொரியாவின் "பிஹாப்டிக்ஸ்" செய்த மேல் சட்டை ஒன்றில் 40 குட்டி மோட்டார்கள் உள்ளன. விளையாட்டில் எதிரி சுட்டால், குண்டு பட்ட இடம் "கிர்" என்று அதிரும். (சுடுவதற்குத்தான் முதலில் ஞாபகம் வருகிறது!)

கையுறை இன்னும் நுட்பமானது. அமெரிக்காவில் செய்யும் ஒரு கையுறையில், ஒரு கைக்கு 100-க்கு மேற்பட்ட சிறு கொப்புளங்கள் இருக்கின்றன. காற்றுப் புகுந்ததும் அவை உப்பித் தோலை அழுத்தும். விரலை மடக்கினால் ஒரு தடை பிடித்து நிறுத்தும். இல்லாத பந்து கெட்டியாக இருப்பது போல் தோன்றும்! 2022-ல் இதன் விலை, ஜோடி 5 ஆயிரம் டாலருக்கு மேல்.

தோலுக்கு அழுத்தம் எப்படித் தெரிகிறது? இதைத் தேடிய விஞ்ஞானி ஆர்டம் படபூட்டியன் குழுவினர், ஒரு செல்லைக் குத்திக் குத்திப் பார்த்து, 72 ஜீன்களை வரிசையாகச் சோதித்தார்கள். 2021-ல் அவருக்கும் டேவிட் ஜூலியசுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை அறிவும் விளையாட்டோடு நின்று விடலாமா?

ஆபரேஷன் செய்யும் "டாவின்சி" எந்திரத்தைப் பாருங்கள். டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கைப்பிடியை அசைப்பார். எந்திரக் கை நோயாளியின் உடலுக்குள் வேலை செய்யும். தையல் நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பது டாக்டரின் கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து யூகிக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் சதை கிழியும்! இப்படியே 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அழுத்தத்தைக் கைக்கு உணர்த்தும் புது எந்திரத்துக்கு, அமெரிக்க அரசு 2024-ல்தான் அனுமதி கொடுத்தது.

மாய உலகத்தில் ஆபரேஷன் பழகும் மாணவர் கைக்கும் அந்த உணர்ச்சி வேண்டும். வெறும் காற்றில் தையல் பழகிய கையை நம்பி நோயாளி எப்படிப் படுப்பார்? மருத்துவக் கல்லூரி வாங்கக் கூடிய விலையில் கையுறை முதலில் வரட்டும். குண்டு அடி படும் சட்டைக்கு அவசரம் இல்லை.